ஞாயிறு எட்டு மணி, நாயின் பெயர் ரஸ்டி

பிப்ரவரி 11, செவ்வாய்

நாலு நிமிடம். க்ராடக் தன் இரண்டு டெரியர் நாய்களோடு இன்று எங்கள் புல்வெளியை விட்டு நாலு நிமிடம் தாமதமாக வெளியே வந்தார். கண்டித்து மெயில் போட்டுவிட்டேன். என் கணவர் டெஸ்மண்ட் சிரிக்கிறார்: "நாலு நிமிஷத்துக்கு ஒரு மெயிலா ஹிலரி? நீ ஜெயில் வார்டனா போயிருக்கணும்."

அவருக்கென்ன, ஆடுகளோடு போய்விடுவார். நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடவிட மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இந்தப் புல்வெளியைப் பார்ப்பது நான்தானே. ஐம்பது நிமிடம் ஒருவருக்கு, பத்து நிமிடம் இடைவெளி, பிறகுதான் அடுத்தவர். இங்கே வரும் நாய்களில் பாதி வேறு நாயைக் கண்டால் பாயும். மீதி மனிதரைக் கண்டாலே நடுங்கும். அதனால்தான் ஆறடி வேலி, எண் பூட்டு. பாதையோரம் கார் நின்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்தவர் தன் காரை விட்டு இறங்கவே கூடாது. நாங்களும் எட்டிப் பார்க்க மாட்டோம் என்று விதிகளில் நானே எழுதிவைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நாய்க்கழிவுப் பைகள் போடும் குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன். காலை ஒன்பது மணிக்கு வரும் கிர்ஸ்டியின் ஊதாப் பை இரண்டு. பத்து மணி க்ராடக்கின் பச்சைப் பை ஐந்து (அந்தக் குட்டி நாய்களுக்குள் இவ்வளவா?). எட்டு மணிக்காரர் பை ஒன்றுகூட இல்லை.

எட்டு மணிக்காரர் பெயர் ட்ரான்டர். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பதிவு செய்கிறார். படிவத்தைத் திறந்து பார்த்தேன். நாயின் பெயர்: ரஸ்டி. இனம்: ஸ்பானியல். வயது: பதினொன்று. குணம்: சாது.

ஆறு வாரமாக அந்தச் சாது ஆய் போகவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

புல்வெளி முழுக்க நடந்து தேடினேன். எதுவும் இல்லை. இந்த வயதில் இது ஒரு வேலை எனக்கு.

பிப்ரவரி 23, ஞாயிறு

எட்டு ஐம்பத்தைந்துக்கு, ட்ரான்டர் போன பிறகு, கிர்ஸ்டி வருவதற்குள், கேட்டில் எண்ணெய் விடுகிற சாக்கில் போனேன். இது எட்டிப் பார்ப்பது ஆகாது.

புல்லில் வெண்பனி. வேலியை ஒட்டி ஒரே ஒரு தடம், சுற்றிச் சுற்றி, நாலு மூலையும் தொட்டு. ஷூ தடம். சின்னப் பாதம். இன்னொரு தடம் கேட்டிலிருந்து நேரே பெஞ்சுக்கு, அது பெரியது. நாய்க்கால் எங்கும் இல்லை. கார் நின்ற தடமும் பாதையோரத்தில் இல்லை.

டெஸ்மண்டிடம் சொன்னேன். "புதையல் தேடுற ஆளா இருக்கும். உலோகம் கண்டுபிடிக்கிற கருவியோட வந்து வேலியோரமாத் தேடிக்கிட்டே போயிருப்பான்" என்றார். பள்ளம் எங்கே? "கிடைக்கலை போல, பாவம்."

மார்ச் 2, ஞாயிறு

பெஞ்சில் ஒரு கையுறை. சாம்பல் நிறக் கம்பளி, பெண்களுடையது. மணிக்கட்டுப் பக்கம் ஒரு துணிப் பட்டி தைத்திருக்கிறது. பட்டியில் மை பேனாவால் ஒரு தொலைபேசி எண். பள்ளிக்குப் போகும் குழந்தைக்குத்தான் இப்படித் தைப்பார்கள். ஆனால் கையுறை பெரியவர் கை அளவு.

எண்ணை படிவத்தில் ஒப்பிட்டேன். ட்ரான்டருடையதேதான்.

மார்ச் 3, திங்கள்

ட்ரான்டருக்கு மெயில்: கையுறை கேட்டில் தொங்குகிறது, ரஸ்டிக்கு எங்கள் புல்வெளி பிடித்திருக்கிறதா? பதில் பத்து நிமிடத்தில் வந்தது. "ரொம்ப நன்றி, மிஸஸ் பிரீஸ். ரஸ்டிக்கு வேலியோரம் நடப்பது பிடிக்கும்."

பொய். ஆனால் என்ன மரியாதையான பொய்.

மார்ச் 16, ஞாயிறு

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி, மேல் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஹாலி மரம் மறைத்தது. காலில் சிராய்ப்பு. டெஸ்மண்ட் கதவைத் தட்டி, "உள்ள என்ன பண்றே?" என்றார். குளிக்கிறேன் என்றேன். "தண்ணி இல்லாமயா?"

மார்ச் 30, ஞாயிறு

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

இன்று கோடைக்காலத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாள். எட்டு மணிக்கு யாரும் வரவில்லை. சரி, மறந்துவிட்டார் என்று ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஒன்பது ஐந்துக்குப் புல்வெளியிலிருந்து அலறல். கிர்ஸ்டியின் குரல்: "மோசஸ்! மோசஸ், வா!"

மோசஸ் அவளுடைய நாய். ஓநாய் அளவு. போன வருடம் ஒரு தபால்காரரின் கையைக் கடித்தது. இன்னொரு முறை யாரையாவது தொட்டால் சட்டப்படி அதைக் கொன்றுவிடுவார்கள். வாய்ப்பூட்டு இல்லாமல் அது ஓடும் ஒரே இடம் எங்கள் புல்வெளி.

வீட்டுச் செருப்போடு ஓடினேன். பாதையோரத்தில் கிர்ஸ்டியின் வேன் மட்டும்தான். வேறு கார் இல்லை, அதனால் உள்ளே ஆள் இல்லை என்று அவள் கேட்டைத் திறந்ததுமே, பார்க்காமல், நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். உள்ளே பெஞ்சிலிருந்து ஒரு கிழவர் எழுந்து தள்ளாடி ஓடிக்கொண்டிருந்தார். தூரத்து மூலையில், வேலியோரமாக, நீலக் கோட்டுப் போட்ட வெள்ளை முடிக்காரி ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள். மோசஸ் அவளை நோக்கிப் பாய்ந்தது.

அவள் திரும்பவே இல்லை. நாய் இரண்டு அடி தள்ளி நின்று தொண்டை கிழியக் குரைத்தது. அவள் நடந்தாள். குரைத்துக்கொண்டே கூடப் போனது. அவள் நடந்துகொண்டே இருந்தாள். அடுத்த மூலை வருவதற்குள் அதற்கே சலித்துவிட்டது. கிர்ஸ்டி போய் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். பிடித்ததும் புல்லிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? கடவுளே, ஆகியிருந்தால்?

கிழவர்தான் ட்ரான்டர். கடிகாரத்தை மாற்ற மறந்திருக்கிறார்; அவர் கணக்கில் அப்போதுதான் எட்டு மணி. "எங்க வீட்ல ஞாயிறும் ஒண்ணுதான், திங்களும் ஒண்ணுதான், மிஸஸ் பிரீஸ்" என்றார். காரைத் தேவாலயத்துப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வருகிறாராம். இங்கே நிறுத்தினால் நாய் இறங்கவில்லை என்று தெரிந்துபோகுமே.

மார்ச் 31, திங்கள்

ட்ரான்டர் வந்தார். கூடவே மனைவி ஏவ்ரில், கையைப் பிடித்தபடி. டீ போட்டுக் கொடுத்தேன். மொத்த நேரமும் அவர் அந்தக் கையை விடவில்லை. இடது கையாலேயே குடித்தார்.

"இவளுக்கு நடக்கணும். ஞாபகம்லாம் போயிடுச்சு, கால் மட்டும் போகலை. ரெண்டு தடவை பெரிய ரோட்டுலருந்து போலீஸ்காரங்க கூட்டிட்டு வந்தாங்க. வீட்டைப் பூட்டினா கதவை இடிக்கிறா. வெளிய கையைப் பிடிச்சா, விடு விடுன்னு திட்டுறா. உங்க வேலிக்குள்ள மட்டும்தான் நான் கையை விட முடியும்."

பிறகு, "ரஸ்டி நாங்க கல்யாணம் ஆன புதுசுல வளர்த்தது. நாய் பேர் போடாம படிவம் நகரமாட்டேங்குது. தப்புதான். இனிமே வரலை" என்றார்.

ஒன்றரை மாதம் நான் எண்ணிக்கொண்டிருந்தது அவர் தொட்டியில் போடாத பைகளை. தூ.

டெஸ்மண்ட் மாலையில் சொன்னார்: "பாவம்தான், இல்லைங்கலை. ஆனா இது நாய்களுக்கான இடம். ஏதாவது ஆச்சுன்னா கோர்ட்டுக்கு நீ போவியா?" நியாயம்தான். நியாயமாகப் பேசும்போது இந்த மனிதரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஏப்ரல் 1, செவ்வாய்

தூங்கவில்லை. கையை விடாமல் எப்படி ஒரு மனிதர் டீ போடுவார், சவரம் செய்வார்?

ஏப்ரல் 3, வியாழன்

காப்பீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "நாய் இல்லாம மனுஷங்க வந்து நடக்கலாமா?" "எதுக்கு?" என்றார். நடக்கத்தான் என்றேன். நாயும் அவர்களும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடாது. மற்றபடி தடையில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை டெஸ்மண்டின் தட்டுக்கு அடியில் வைத்தேன். படித்தார். "கேட்டுக்கு உள்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் போடணும்" என்று மட்டும் சொன்னார்.

படிவத்தில் நாயின் பெயர் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டேன். ட்ரான்டருக்கு எழுதினேன்: ஞாயிறு எட்டு மணி உங்களுடையது. காரைப் பாதையோரம் நிறுத்துங்கள், எல்லோரையும் போல.

ஏப்ரல் 6, ஞாயிறு

வந்தார்கள். பச்சை நிறப் பழைய கார், பாதையோரத்தில், ஊரறிய.

ஏப்ரல் 13, ஞாயிறு

கிர்ஸ்டி எட்டு மணிக்கே வந்துவிட்டாள். மோசஸை வேனிலேயே விட்டுவிட்டு, "நான் கூட நடக்கட்டுமா?" என்று ட்ரான்டரைக் கேட்டாளாம். "என் நாயை அன்னிக்குக் காப்பாத்தினது அவங்கதான், ஹிலரி. ஒரு கத்து கத்தியிருந்தா, ஓடியிருந்தா, மோசஸ் இன்னிக்கு இல்லை" என்றாள் என்னிடம். ஏவ்ரில் அவளை ஜோன் என்று கூப்பிடுகிறாள். ஜோன் யாரென்று யாருக்கும் தெரியாது. கிர்ஸ்டி ஜோனாகவே இருந்துகொள்கிறாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எட்டு ஐம்பதுக்குத் தொட்டியை எடுக்கப் போனேன். ட்ரான்டர் காருக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்து, கண்ணாடி மூக்கில் சரிந்து, இரண்டு கையும் மடியில். சும்மா கிடந்தன அந்தக் கைகள்.

கிர்ஸ்டி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள். அடுத்தது அவளுடைய ஒன்பது மணி, மோசஸ் ஓட வேண்டிய நேரம். வேண்டாம், எழுப்பாதீங்க என்று தலையாட்டிவிட்டு ஏவ்ரிலோடு அடுத்த சுற்றுக்குப் போனாள். மோசஸ் வேன் ஜன்னலில் முகத்தை வைத்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது, குரைக்காமல்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு க்ராடக் வந்தார், இரண்டு டெரியர்களும் கத்த. பாதையின் தொடக்கத்திலேயே கை காட்டி நிறுத்தினேன்.

"இன்னும் முடியலை. கொஞ்சம் பொறுங்க."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு நாலு நிமிஷத்துக்கு மெயில் போட்டீங்களே, மிஸஸ் பிரீஸ்."

"போட்டேன்" என்றேன். "இன்ஜினை அணைச்சிடுங்க. உள்ள ஒருத்தர் தூங்குறார்."