நீ சேமித்த பற்றரி

மச்சான்,

லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் இன்றைக்கும் மூன்று பற்றரி வாங்கினேன். கடைக்காரர் சிரித்தார். “என்னண்ணை, பத்து நாளைக்கு ஒருக்காப் பற்றரி? வீட்டிலை ரேடியோக் கடையோ?” காசை வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன்.

போர் முடிந்தபின் இந்த நாட்டுக்கு வந்து, உனக்கு வதிவிட கார்ட் கிடைத்த முதல் குளிர்காலம் அது. அல்ப்ஸ் மலை ஹோட்டலொன்றில் கோப்பை கழுவப் போயிருந்தாய். அன்று காலை போன் எடுத்தாய். “ரெண்டு நாளாக் காத்து மச்சான். கீழை பழைய பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கு. மேலை புதுப்பனி ஒட்டாமல் நிக்குது. பனி சரியிற ஆபத்து அஞ்சிலை நாலாம்.”

பனியில் சறுக்க வந்தவர்களை ஹோட்டல் முதலாளி வெளியே விடவில்லை. அவர்கள் உள்ளே இருந்து தின்ன, சரிவுக்கு அப்பாலிருந்த குடிலில் சீஸ் எடுத்துவர உன்னைப் போகச் சொன்னார். விருந்தாளிக்கு மட்டும்தான் உயிரா?

“போகாதை” என்றேன்.

“கார்ட் மாத்தச் சம்பளத் துண்டு வேணுமே” என்றாய். பிறகு சிரித்தாய். “நெஞ்சிலை கட்ட ஒரு கருவி தந்திருக்கினம். பனிக்குள்ளை அம்பிட்டா அது சிக்னல் அனுப்புமாம், தேடுறவை கண்டுபிடிப்பினமாம். இப்ப நிப்பாட்டி வச்சிருக்கிறன், பற்றரி வீணாப் போகும். விழுந்தாப் போடுவன்.”

“ஓம், அதுதான் சரி” என்றேன். நானேதான் சொன்னேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி வராது. பழையதை வெயிலில் காயவைத்து, செய்திக்கு மட்டும் ரேடியோவைப் போட்டு, முடிந்த கையோடு நிறுத்திப் பழகியவர்கள் நாம். பனியில் புதைந்தவனால் விரலைக்கூட அசைக்க முடியாது, வாசலைத் தாண்டும்போதே கருவி ஓடவேண்டும் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

சரிவில் பனி உடைந்து உன்னை மூடியது. உன்னைக் கண்டெடுக்க மறுநாள் ஆனது.

“கருவி கொடுத்தோம், அவர்தான் போடவில்லை” என்று அந்த முதலாளி என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கொடுத்தாராம்! உன் சட்டைப்பையில் அவர் எழுதித் தந்த துண்டு இருந்தது. எந்தச் சீஸ், எத்தனை கட்டி, எந்தத் தட்டு, எல்லாம் விபரமாக இருந்தது. கருவியைப் போட்டுக்கொண்டு போ என்று ஒரு சொல் இல்லை. உன் சாமான்களோடு என்னிடம் வந்த கருவியைத் திருப்பிக் கேட்டார். தரமாட்டேன் என்றேன்.

உன்னிலும் எனக்குக் கோபம்தான். என்னில் அதைவிட.

பொபினியிலுள்ள என் வீட்டில் அதை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தேன். பற்றரி நூற்றுக்கு நூறு என்று காட்டியது. அன்றிலிருந்து நான் அதை நிறுத்தவில்லை. சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இரவும் பகலும் ஓடுகிறது. தீர்ந்தால் லாச்சப்பலுக்குப் போய் வேறு வாங்கிப் போடுகிறேன்.

தீரட்டும் மச்சான். எவ்வளவும் தீரட்டும்.