மூன்றாவது பாத்தி

என்னங்க,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கொல்லையில் தக்காளியும் கீரையும் போடலாம் என்று நானும் மகளும் இன்று காலை மண்ணைக் கொத்த ஆரம்பித்தோம். புல்லைச் செதுக்கி, கல் பொறுக்கி, இரண்டு பாத்தி கட்டியாயிற்று. மூன்றாவதைச் சுவரோரமாக வெட்டியபோது மண்வெட்டியில் ஒரு துணி சிக்கியது. இழுத்தேன். உங்கள் பழைய நீலச் சட்டை. அதற்குள் எலும்புகளும், நம் நாய் உருண்டையின் கழுத்துப் பட்டையும்.

நண்பரின் தோட்டத்தில் விட்டிருக்கிறேன், அது அங்கே நன்றாக இருக்கிறது என்று போன வாரம்கூட போனில் மகளிடம் சொன்னீர்களே! அவள் பார்த்துவிடக் கூடாதென்று அவசரமாக மண்ணைத் தள்ளினேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்மா. அப்பா காரைப் பின்னாடி எடுத்தப்போ அது அடிபட்டுச்சு. புதைச்சிட்டு அங்கயே உக்காந்து அழுதாரு. ஜன்னல்லருந்து பார்த்தேன்."

"அப்புறம் ஏன்டி வாராவாரம் உருண்டை எப்படி இருக்குன்னு அவர்கிட்ட கேக்கிற?"

"கேக்கலேன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சிடுவாரும்மா. பாவம்."

எட்டு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது! நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

குழியை மூடிவிட்டோம். அங்கே எதுவும் நட வேண்டாம் என்கிறாள். உங்களிடம் மூச்சுவிடக் கூடாதென்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். மீறித்தான் எழுதுகிறேன். எப்படியாவது லீவு போட்டு வாருங்கள். அவள் இன்னும் ஒரு தடவைகூட அழவில்லை.

உங்கள் வீட்டுக்காரி