போர்வை காயும் இடம்

என்னங்க,

இன்று காலை அபார்ட்மென்ட் மேனேஜர் அம்மா மாடிக்கு வந்தார். நாம் குடிவந்த நாளிலிருந்து பின்பக்கத்து பால்கனியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறவர், இன்றைக்குக் கதவைத் தட்டி, "அந்த மஞ்சள் துணி இன்னுமா காயவில்லை?" என்று கேட்டார். குரலில் கண்டிப்பு இல்லை. என்னைப் பற்றிய கவலைதான் இருந்தது. ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டு, பால்கனிக்குப் போய் அந்தச் சுங்குடிச் சேலையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். வெயில் வாசனை. அதோடு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் சமைக்கவில்லை. சமைத்துத்தான் யாருக்கு? அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஹூஸ்டனுக்கு வெளியே, பேர்லேண்ட் வீட்டில் நான் கட்டிய கொடி நினைவிருக்கிறதா? குடிபுகுந்த புதிதில், வேலிக்கும் முருங்கைக்கும் நடுவே நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி உங்கள் வேட்டியைக் காயப்போட்டேன். கொஞ்ச நாளிலேயே வீட்டுக்காரர்கள் சங்கத்திலிருந்து காகிதம் வந்துவிட்டது. வெளியே தெரிகிற மாதிரி துணி உலர்த்தக் கூடாதாம், தெருவின் அழகு கெடுகிறதாம். நான் சண்டைக்குத் தயாராகச் சேலையைச் சொருகிக்கொண்டு நின்றேன். நீங்களோ போய்க் கொடியை அவிழ்த்துச் சுருட்டி கராஜில் வைத்துவிட்டீர்கள்.

"ரூல்னா ரூல்தான்மா. டிரையர் எதுக்கு வாங்கிப் போட்டிருக்கு?" என்றீர்கள்.

வெளியே டெக்சாஸ் வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே மின்சாரத்தைக் கொட்டி மெஷினைச் சூடாக்கித் துணியைக் காயவைத்து, அந்தச் சூட்டை விரட்ட இன்னும் கொஞ்சம் ஏசியைக் கூட்டுவோம். ஆயில் கம்பெனிக்கு பைப்லைன் டிசைன் பண்ணுகிற எஞ்சினியருக்கு இது மட்டும் எப்படி மண்டையில் ஏறவில்லை என்று வருடக்கணக்கில் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். டிரையர் கதவை ஓங்கிச் சாத்தும்போதெல்லாம் அது உங்கள் காதில் விழட்டும் என்றுதான் சாத்தினேன். விழுந்ததா என்று கேட்டதில்லை.

பிறகுதான் உங்கள் கண்ணில் அழுத்தம் ஏறத் தொடங்கியது. டாக்டர் சொன்ன க்ளக்கோமா என்ற பெயரைவிட, நீங்கள் இரண்டு உள்ளங்கையையும் கன்னத்தோடு ஒட்டி வைத்து, "இப்பிடித்தான் தெரியுது, நேரா மட்டும்" என்று காட்டியதுதான் எனக்குப் புரிந்தது. நேரே இருப்பது எவ்வளவு தூரமானாலும் தெரியும். பக்கத்தில் வருவது தெரியாது. ஒருநாள் சிக்னலில் வண்டியைத் திருப்பும்போது, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் உங்கள் கண்ணில் படவே இல்லை. நான் அலறினேன், நீங்கள் பிரேக்கை மிதித்தீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் கார் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தீர்கள். அதற்கப்புறம் அதைத் தொடவில்லை.

கார் இல்லாமல் பேர்லேண்டில் என்ன செய்வது? ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கு ஃப்ரீவே ஏறி, நம்மூர்க் கடைகள் இருக்கிற ஹில்கிராஃப்ட் வரை போக வேண்டும். எனக்கோ ஃப்ரீவேயில் ஓட்டிப் பழக்கமே இல்லை. முதல் மாதமெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பீர்கள். "மெர்ஜ் பண்ணு, மெர்ஜ் பண்ணு!" என்று கத்துவீர்கள். "நீங்க பேசாம வந்தா நான் ஒழுங்கா டிரைவ் பண்ணுவேன்" என்று நானும் கத்துவேன். அது எவ்வளவோ தேவலை. கத்துவதை நிறுத்தினீர்கள் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஒரு சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று, "உனக்கு டைம் இருந்தா, கோவில்ல கொஞ்சம் டிராப் பண்றியா?" என்று கேட்டீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. காபி வேண்டுமானால் "காபி" என்பீர்கள், அவ்வளவுதான் உங்கள் மரியாதை. இந்த 'டைம் இருந்தா'வைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இதுக்கெல்லாம் என்ன கேள்வி, கெளம்புங்க" என்று எரிந்து விழுந்தேன். அழுவதைவிட அது எனக்குச் சுலபம்.

உங்களுக்கு அறுபது வந்தது அந்தச் சமயத்தில்தான். கம்பெனியிலிருந்தும் ஓய்வு வாங்கியிருந்தீர்கள். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று ஊரெல்லாம் ஒய்டூகே, ஒய்டூகே என்று பேச ஆரம்பித்திருந்த வருடம். பேர்லேண்ட் மீனாட்சி கோவிலில் ஹால் எடுத்து அறுபதாம் கல்யாணம் செய்யலாம் என்று நம் பெண் கவி பார்சிப்பனி வீட்டிலிருந்து ஃபோன் பண்ணினாள். வேண்டாம் என்றீர்கள். "அப்போ எங்கயாவது டிரிப் போங்கப்பா, நான் புக் பண்றேன். வாட் டு யூ வான்ட்?" என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ஃபோனுக்குக் கிட்டே குனிந்து சொன்னீர்கள்:

"யாரையும் கேக்காம வெளிய போகணும்மா. யாரையும் கேக்காம திரும்பி வரணும். அது எந்த ஊர்ல முடியுமோ அங்க."

கவி பாவம், சமர்த்து. அப்பா கேட்டதைத் தேடி, மத்தியதரைக் கடலோரத்தில் கார் நுழைய முடியாத சந்துகளோடு ஒரு சின்ன ஊரைக் கண்டுபிடித்துவிட்டாள். இத்தாலிய ஊர். அதன் பெயர் உங்கள் வாயில் கடைசிவரை நுழையவில்லை, 'நம்ம ஊரு' என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஊரைச் சரியாகப் பிடித்தவள் தங்கும் இடத்தில்தான் கோட்டை விட்டாள். மலை உச்சியில் பெரிய ஹோட்டல், நீச்சல்குளம், அரைமணிக்கு ஒருதரம் கீழே கடற்கரைக்கு ஷட்டில் வண்டி. "ஷட்டில் இருக்குப்பா, யூ டோன்ட் ஹாவ் டு வாக் அட் ஆல்" என்று பெருமையாகச் சொன்னாள். அங்கேயும் ஒரு வண்டிக்காகக் காத்திருக்க வேண்டுமா என்பதுபோல் என்னைப் பார்த்தீர்கள்.

அடுத்த நாள் விடியற்காலையில் உங்கள் குரல் கேட்டு எழுந்து வந்தேன். கவி அனுப்பியிருந்த டூரிஸ்ட் புத்தகத்திலிருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாக ஃபோன் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அங்கே அப்போது பகல். வாடகை எவ்வளவு, கடல் தெரியுமா, ஒன்றும் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் ஒரே கேள்வி: "உங்க போர்வையெல்லாம் எங்க காயவைக்கிறீங்க?" இங்கிலீஷில்தான், ஆனால் அதே மதுரைத் தோரணையில். எனக்கு மானம் போயிற்று. இந்த மனுஷனுக்குக் கண்ணோடு சேர்த்து மூளையிலும் அழுத்தம் ஏறிவிட்டதா என்று நினைத்தேன். மலை ஹோட்டல்காரன் லாண்டரி சர்வீஸ், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு என்று ஏதோ அடுக்கினான். தேங்க் யூ சொல்லி வைத்துவிட்டீர்கள். இன்னொருவன், வெளியூர் லாண்டரியிலிருந்து லாரி வரும் என்றான். அதையும் வைத்தீர்கள்.

கடைசியில் ஒரு பெண் எடுத்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது, மருமகளைக் கூப்பிட்டார். மருமகள் கேள்வியை மொழிபெயர்க்க, பின்னால் பெரிய சிரிப்புச் சத்தம். பிறகு பதில் வந்தது: மொட்டைமாடியில், வெயிலில், வேறு எங்கே?

"இதான் வீடு!" என்று மேஜையைத் தட்டினீர்கள்.

"என்ன கண்டுபிடிப்பு இது?" என்றேன்.

"யோசிச்சுப் பாரு. வெயில்ல துணி போடறவ கரண்டை வீணாக்க மாட்டா. தண்ணியையும் பாத்துத்தான் செலவு பண்ணுவா. லாரி வர வேணாம்னா ரோடு வேணாம், அப்போ வீடு சந்துக்குள்ள இருக்கும். சந்துக்குள்ள இருந்தா கடை பக்கத்துல இருக்கும். நான் நடந்து போயிட்டு வந்துருவேன்."

பைப்லைன் போடுகிற மூளை, ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனைவரை போய்விடும். இதற்கெல்லாம் இப்போது என்னென்னவோ பெரிய பெயர் சொல்கிறார்கள், உலகத்தைக் காப்பாற்றும் தங்கல் என்கிறார்கள். உங்களுக்கு உலகமெல்லாம் இரண்டாம்பட்சம். ஏசி இல்லை என்று கவி ஃபோனில் தலையிலடித்துக்கொண்டாள். நீங்கள் அசையவில்லை.

போய்ப் பார்த்தால் நீங்கள் ஃபோனிலேயே வரைந்த படம்போலவே இருந்தது வீடு. ரயிலைவிட்டு இறங்கிப் பெட்டியைக் கல்தெருவில் கடகடவென்று இழுத்துக்கொண்டு போனோம். கனத்த சுவர், மதியம் சாத்திவைக்கும் மரக்கதவு ஜன்னல், முற்றத்துக்கு அடியில் மழைத்தண்ணீர்த் தொட்டி, கூரையில் வெயிலிலேயே வெந்நீர் காய்கிற தகடு. போர்வை நான்கு நாளைக்கு ஒருதரம்தான் மாற்றுவார்களாம். நம்மைப் பார்த்ததும் வீட்டுக்கார அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, ஃபோனில் கேட்ட கிறுக்கன் இவன்தான் என்று தெரிந்துவிட்டது. அறையைக்கூடக் காட்டாமல் உங்கள் கையைப் பிடித்து நேரே மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடலைப் பார்த்து நீளமாய்ப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஜவுளிக்கடையில் துணியைத் தடவிப் பார்ப்பதுபோல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்.

"அன்னிக்கு உன் கொடிய நான் அவுத்திருக்கக் கூடாதும்மா."

அத்தனை வருடமும் டிரையர் கதவு உங்கள் காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது. "இதைச் சொல்ல இவ்வளவு தூரம் கூட்டிட்டு வரணுமா?" என்றேன். வேறு என்ன சொல்ல? அந்த நிமிஷம் உங்களை எனக்கு அவ்வளவு பிடித்தது.

மூன்றாம் நாள் காலை, நான் சுங்குடிச் சேலையை அலசிப் பிழிந்துகொண்டிருந்தேன். வாசலிலிருந்து "வர்றேன்" என்று ஒரு குரல். 'போகட்டுமா' இல்லை, 'டைம் இருந்தா' இல்லை. வெறும் "வர்றேன்". நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவதற்குள் சந்து திரும்பிவிட்டீர்கள். பின்னாலேயே ஓட ஒரு கால் எடுத்து வைத்துவிட்டு, வைத்த காலை எடுத்துக்கொண்டேன். ஓடிப் பிடித்திருந்தால் உங்களை நான் பேர்லேண்டுக்கே திருப்பிக் கூட்டிப் போனதாக ஆகியிருக்கும்.

மாடிக்குப் போய்ச் சேலையைக் கொடியில் விரித்துவிட்டு நின்றேன். எல்லாச் சந்தும் ஒரே மாதிரி, எல்லா வீட்டுக்கும் படிகள். துறைமுகத்து விளிம்பில் கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. பக்கவாட்டில் ஒரு படி உங்களுக்குத் தெரியாமல் போனால்? மீனாட்சியிலிருந்து குலதெய்வம்வரை ஒருவரை விடாமல் கூப்பிட்டேன். வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்தார், என் முகத்தைப் பார்த்தார், பக்கத்தில் நின்றுகொண்டார். சர்ச் மணி அடித்தது, மறுபடியும் அடித்தது. உங்களைக் காணோம்.

திடீரென்று கீழே துறைமுகத்துப் படிக்கட்டின் அடியில் உங்கள் வெள்ளைச் சட்டை. அண்ணாந்து பார்த்தபடி நின்றீர்கள். பிறகு ஒரு நிதானத்தோடு ஏறத் தொடங்கினீர்கள். சந்து மறைக்கும், காணாமல் போவீர்கள், அடுத்த இடைவெளியில் தெரிவீர்கள், நின்று அண்ணாந்து பார்ப்பீர்கள், மறுபடி ஏறுவீர்கள்.

மூச்சு வாங்க மேலே வந்ததும் நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

"வழி தப்பிருச்சும்மா," என்றீர்கள், ஏதோ பரிசு வாங்கியவர்போல. "எல்லா வீடும் ஒண்ணுபோல இருக்கு. நிமிந்து பாத்தேன். இந்த ஊர்ல யாரு மாம்பழக் கலர்ல சுங்குடி காயப்போடுவா? அதப் பாத்துக்கிட்டே வந்துட்டேன்."

கையில் ரொட்டி, தக்காளி, ஒரு கட்டுக் கொத்தமல்லி. யாரையும் கேட்காமல் வாங்கியது! உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டை முகர்ந்தேன். இலை மட்டும்தான் கொத்தமல்லி மாதிரி. நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அந்த அம்மாவின் அடுப்பில் தக்காளி ரசம் வைத்து அதையே கிள்ளிப் போட்டேன். "இந்த ஊரு மல்லிக்கு வாசனை கம்மி" என்று சொல்லி இரண்டு தரம் வாங்கிக் குடித்தீர்கள். இப்போது சொல்கிறேன், அது கொத்தமல்லியே இல்லை. பார்ஸ்லி.

திரும்பி வந்து ஹூஸ்டன் ஏர்போர்ட்டில் காரில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டீர்களே, அந்தக் க்ளிக் சத்தத்தோடு உங்கள் முகம் பழையபடி மூடிக்கொண்டது. நான் அதைப் பார்த்தேன். வீட்டை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னது நீங்கள் இல்லை, நான். என் முருங்கை, என் கறிவேப்பிலை, என் பூஜை அறை எல்லாவற்றையும் நினைத்து மூன்று நாள் அழுதுவிட்டுத்தான் சொன்னேன். நீங்கள் வேண்டாம், வேண்டாம் என்றீர்கள். உங்கள் வாய்தான் அதைச் சொன்னது.

கோவில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது நண்பர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "என்ன சார், சொந்த வீட்ட வித்துட்டு அபார்ட்மென்ட்டா? ஏதும் பிரச்சனையா?" என்றார். "பெரிய பிரச்சனை சார். கொத்தமல்லி வாங்க நடந்து போக முடியல" என்றீர்கள். அவர் தோசையோடு நகர்ந்துவிட்டார்.

ஹில்கிராஃப்ட்டைச் சுற்றி அபார்ட்மென்ட் அபார்ட்மென்ட்டாக ஏறி இறங்கினோம். எல்லா ஆபீசிலும் அதே கேள்வி, போர்வை எங்கே காயவைக்கலாம்? எல்லாரும் காசு போடும் மெஷினைக் காட்டினார்கள். இந்த மேனேஜர் அம்மா மட்டும் உங்களை ஏற இறங்கப் பார்த்து, "சட்டப்படி கூடாது. பின்பக்கத்து பால்கனியை நான் பார்ப்பதில்லை" என்றார். பெரிய ரோட்டைக் கடக்காமலே கடைகளுக்குப் போகிற பக்கம் அது. ரூல்னா ரூல்தான் என்ற மனிதர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் "வர்றேன்". கடைக்காரரோடு அரட்டை, டீ, ஒரு கட்டு மல்லி, நிஜ மல்லி. இருட்டினால் கண் சுத்தமாகத் தெரியாது என்பதால் அதற்குள் திரும்பிவிடுவீர்கள். நீங்கள் திரும்பிவரும் வழியில் தலை நிமிர்ந்தால் தெரிகிற மாதிரி அந்தச் சுங்குடியைக் கொடியில் விரித்து வைப்பேன். அண்ணாந்து பார்ப்பீர்கள், கையைத் தூக்கிக் காட்டுவீர்கள். அக்கம்பக்கத்தில் எவ்வளவு பேர் சிரித்திருப்பார்களோ தெரியாது. இந்த வீட்டில் நமக்குக் கிடைத்தது கொஞ்ச காலம்தான். ஆனால் அதில் ஒருநாள்கூட நீங்கள் என்னிடம் 'டைம் இருந்தா' என்று கேட்கவில்லை. போன குளிர்காலத்தில் உங்கள் நெஞ்சு அடைத்து ஆம்புலன்ஸ் வந்தபோதுகூட, மாஸ்க்கை விலக்கிவிட்டு "வர்றேன்" என்றுதான் சொன்னீர்கள்.

இன்னும் வரவில்லை.

இன்று காலை மேனேஜர் அம்மாவிடம் நான் சொன்ன பதில், "இன்னும் ஈரமா இருக்கு" என்பதுதான். அவர் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். பொய்தான். அதைத் துவைத்து மாதக்கணக்காகிறது. தினமும் காலையில் எடுத்து விரிக்கிறேன், இருட்டுவதற்கு முன் மடித்து உள்ளே வைத்துவிடுகிறேன். இருட்டிய பிறகு நீங்கள் வெளியே இருக்க மாட்டீர்கள்.