பிடுங்கிய கேபிள்

வியாழக்கிழமை இரவு, ஓசூர்.

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

எங்கள் ஃபேக்டரி இன்டர்நெட்டுக்கு எந்த கம்பெனியின் ஃபைபர் லைன் எடுப்பது என்று இன்று முடிவானது. நான் சொன்ன கம்பெனிக்காரர்கள் இரண்டு லைன் தருகிறார்கள்; சோதனைக்கு இப்போதே போட்டும் கொடுத்துவிட்டார்கள். ஒன்று பெங்களூர் பக்கமிருந்து வருகிறது, இன்னொன்று கிருஷ்ணகிரி பக்கமிருந்து. ரோடு தோண்டி ஒன்று அறுந்தாலும் மற்றது ஓடும். ராப்பகலாக அவர்களே கண்காணித்து, லைன் போனால் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

முதலாளி நம்பவில்லை. "லைன் போனா அவங்களே கூப்பிடுவாங்களாக்கும்! நாமதாம்மா அவங்க பின்னாடி அலையணும். நான் கஸ்டமர்கிட்ட வீடியோல பேசுறப்ப ஒன்னைப் புடுங்கு. கட் ஆகலைன்னா கையெழுத்துப் போடறேன்."

சாயங்காலம் வரை டெஸ்ட் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, பெங்களூர் லைனைப் பிடுங்கினேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், முதலாளி அவர்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

பேசி முடித்து வெளியே வந்தவர் கேட்டார்: "எப்பம்மா புடுங்கப் போற?"

"புடுங்கி அரை மணி நேரமாச்சு சார்."

அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டார். எல்லோருக்கும் டீ, பப்ஸ். "ஆனா அவங்களே கூப்பிடுவாங்கங்கறதை மட்டும் நம்ப மாட்டேன்," என்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. லைன் கம்பெனியின் கண்காணிப்பு அறையிலிருந்து ஒரு பெண், கன்னட வாடையடிக்கும் தமிழில்: "மேடம், டெஸ்ட் சாயங்காலமே முடியும்னு சொன்னீங்கல்ல? பெங்களூர் லைன் இன்னும் வரலையே. ஆள் அனுப்பட்டுமா?"

நான் கேபிளைத் திரும்பச் செருகவே இல்லை!

அவர்களே கூப்பிட்டார்கள் என்று காலையில் முதலாளியிடம் சொல்ல வாய் துடிக்கிறது. எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவர் கேட்காமல் இருக்க வேண்டுமே.