சிட்டுவின் இருமலும் என் ஒற்றை விரலும்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் கிளினிக்கில் காகிதம் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர். அண்ணி முடிவெடுத்தால் எடுத்ததுதான். என் கணவரின் அக்கா, கிளினிக்கின் முதலாளி, குழந்தை மருத்துவத்தில் எனக்கு சீனியர். மூன்று பதவியும் ஒரே ஆளிடம் இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து சொல்லிக்கொடுத்தாள். காய்ச்சல் என்று ஒரு குழந்தை வந்தால் என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, எடை, மூச்சு, காது, தொண்டை, என்ன மருந்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எல்லாவற்றையும் நிரப்பினால்தான் அடுத்த குழந்தை.

"ரொம்ப ஈஸி மேடம்" என்றாள். அவள் தட்டுவது பத்து விரலால். நான் ஒன்றால்.

ஜூன் 4, செவ்வாய்

சளியோடு வந்த குழந்தைக்கு எடை 11.2 கிலோ. புள்ளியை விட்டுவிட்டு 112 என்று அடித்துவிட்டேன். திரை சிவந்துபோய் "எடையைச் சரிபார்க்கவும்" என்றது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "என்ன டாக்டர், யானைக்குட்டிக்கா வைத்தியம்?" என்றார். குழந்தையின் அம்மாவும் சேர்ந்து சிரித்தார். மானம் கப்பலேறிவிட்டது.

ஜூன் 7, வெள்ளி

எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். போதும். வேலையை விடப்போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். "சரி, அக்காகிட்ட நீயே சொல்லிடு" என்று செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். மகா தைரியசாலி!

ஜூன் 11, செவ்வாய்

வயிற்றுவலி என்று ஒரு பையன். அவன் அம்மா சொல்லச் சொல்ல, நான் திரையைப் பார்த்தபடி "ம்... ம்..." கொட்டிக்கொண்டிருந்தேன். பையன் கேட்டான்: "அம்மா, டாக்டர் டிவி பாக்குறாங்களா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீடு வந்ததிலிருந்து அதுவே காதில் ஓடுகிறது. என்னடி பண்ணிட்டிருக்கே நீ? குழந்தை முகத்தைப் பாத்தே பாதி நோயைச் சொன்னவதானே — இப்ப அந்தப் பையன் முகமே ஞாபகம் வரலையே.

ஜூன் 12, புதன்

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கம்ப்யூட்டர் வேணாம்னு சொல்லு, கேக்குறேன். வேலையே வேணாம்னு சொல்லாத. மாசக் கடைசி வரைக்கும் பாரு. அப்பவும் ஒத்துவரலன்னா நீ மட்டும் பேப்பர்லயே எழுதிக்கோ."

அண்ணி இவ்வளவு இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது.

மாலையில் நர்ஸும் நானும் மூச்சு வாங்க மேஜையைத் திருப்பிப் போட்டோம். இனி குழந்தை எனக்கு நேரெதிரே, திரை பக்கவாட்டில்.

ஜூன் 15, சனி

இப்போதுதான் வீடு வந்து உட்கார்ந்தேன்.

மத்தியானம், கிளினிக் காலியாகும் நேரம். ஒரு பஸ் டிரைவர் யூனிபார்மோடு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு வயது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்களாம். அவள் வருமுன்பே இருமல் உள்ளே வந்துவிட்டது, நாய் குரைப்பதுபோல. மூச்சை இழுக்கும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம். கழுத்துக்குழி உள்வாங்கி உள்வாங்கி வந்தது. குரல்வளை வீங்கியிருக்கிறது.

கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை.

"மடியிலயே வச்சுக்கோங்க. அழ விடாதீங்க, அழுதா மூச்சு இன்னும் இறுகும். ஏதாவது கதை சொல்லுங்க."

"எனக்குக் கதையெல்லாம் தெரியாதே டாக்டர்..."

"அப்ப பஸ் ஓட்டுங்க!"

ஓட்டினாரே மனுஷன்! கண்ணில் தண்ணீர் ஓட, "ரைட், ரைட்! சிட்டு வண்டி கிளம்புது, வழி விடுங்க!" என்று நாற்காலியிலேயே கியர் போட்டார், ஹாரன் அடித்தார், வளைவில் சாய்ந்தார். சிட்டுவும் கூடவே சாய்ந்தாள். அந்தச் சாய்வில் வாய்மருந்தைக் கொடுத்தேன். நர்ஸ் மருந்துப் புகை வரும் முகமூடியைப் பிடித்து, "இது டிரைவரம்மாவோட மாஸ்க்" என்று ஒரு போடு போட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கும் சொல்லி ஆம்புலன்ஸைத் தயாராக வைக்கச் சொல்லியிருந்தேன்.

தேவைப்படவில்லை. கீச்சுச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது. அப்பா தோளில் அப்படியே தூங்கிப்போனாள்.

மருந்தின் வேகம் குறைந்தபின் வீக்கம் திரும்பலாம் என்பதால் சாயங்காலம் வரை அனுப்பவில்லை. அவள் தூங்க, நான் எதிரே உட்கார்ந்து தட்டினேன். ஒரு வரி அடிப்பேன், அவள் நெஞ்சைப் பார்ப்பேன். வந்தபோது மூச்சு எப்படி, எந்த மருந்து எவ்வளவு, எப்போது, பிறகு எப்படி, திரும்ப வந்தால் எதைப் பார்க்க வேண்டும். கட்டம் கேட்கிறதே என்று எழுதவில்லை. நாளை ஞாயிறு, அண்ணியின் முறை. இவளைப் பார்க்காத அண்ணிக்கும் இவளைத் தெரிய வேண்டுமே!

ஜூன் 16, ஞாயிறு

காலையில் அண்ணியிடமிருந்து போன். இருமல் மறுபடி வந்துவிட்டதென்று டிரைவர் அவரைக் கூப்பிட்டாராம். "இப்பவே கிளம்பி வரேன்" என்றேன்.

"பதறாத, நல்லா இருக்கா" என்றார். "அவர் பேசி முடிக்கறதுக்குள்ள நீ எழுதினத வீட்டுலேருந்தே படிச்சுட்டேன். கழுத்துல குழி விழுதா, சத்தம் வருதான்னு கேட்டேன். இல்லன்னார். இருந்தாலும் வரச்சொல்லி நேர்லயும் பாத்துட்டேன். வெறும் இருமல்தான். நேத்து உன் பக்கத்துலயே நின்ன மாதிரி இருந்துச்சும்மா, படிக்கறப்போ."

இவரிடம் சொன்னேன். "அக்கா பாராட்டினாளா? அவளுக்கு ஒண்ணும் காய்ச்சல் இல்லையே?" என்கிறார்.

ஜூன் 19, புதன்

சிட்டு வந்தாள். மூச்சு சுத்தம், தொண்டை சுத்தம், வாய் மட்டும் ஓயவில்லை. என் மடியில் ஏறி இரண்டு கையாலும் கீபோர்டை அறைந்தாள். என்னைவிட வேகம்.

ஜூன் 21, வெள்ளி

அலுப்பு. ஒன்பது காய்ச்சல், இரண்டு காதுவலி, மூக்கில் பட்டாணி ஒன்று. பட்டாணிக்கு மட்டும் கட்டமே இல்லை.

ஜூன் 28, வெள்ளி

கம்பெனிப் பெண் போன் செய்தாள்.

"மேடம், உங்களுக்கு மட்டும் பேப்பருக்கே மாத்தணும்னு பெரிய டாக்டர் முன்னாடி சொல்லியிருந்தாங்க. திங்கட்கிழமையிலேருந்து மாத்திடட்டுமா?"

"அதெல்லாம் வேணாம்மா. ஒரே ஒரு குறைதான். குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு எழுதற கட்டம் இத்தனூண்டு இருக்கு. பெருசாக்க முடியுமா?"



"எவ்வளவு பெருசு மேடம்?"

"ஒரு பக்கமாவது வேணும்" என்றேன்.