முழ நீள டிரக்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்ற நினைப்போடு இதைத் தொடங்குகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் எனக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் பேச்சு வருவதில்லை, சாப்பிட்டியா, அங்கே குளிரா, சரி வைக்கட்டுமா என்று முடிந்துவிடுகிறது. அதோடு உன் அம்மா அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள், எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று சலூனுக்கு விடுமுறை, அவள் வெளியே போயிருக்கிறாள். ஆமாம், சரியாகத்தான் படித்தாய், உன் அம்மா வெளியே போயிருக்கிறாள். எங்கே, எதற்கு என்று சொல்லத்தான் இத்தனை காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நல்ல செய்திதான், பயப்படாதே, ஆனால் நின்றுகொண்டு படிக்காதே, ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்.

நடந்தது உனக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், மனசு லேசாகும். இருபத்தாறு வருடம் மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். போன விடுமுறையில் நீ வந்திருந்தபோது இரண்டு நாள் காலையில் அவளோடு பேருந்தில் ஏறிப் போனாய், இடது பக்கத்துக் கண்ணாடி பள்ளி வாசல் தூணில் உரசியதை இரண்டு நாளும் பார்த்தாய். கண்ணைக் காட்டலாம் வா என்று கெஞ்சினாய். கேட்டை யாரோ நகர்த்தி வைத்துவிட்டார்கள் என்று அவள் சாதித்தாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நீயே பள்ளி அலுவலகத்தில் போய்ச் சொன்னாய், அவர்கள் சோதனைக்கு அனுப்பினார்கள். ஓரப் பார்வை சுருங்கியிருக்கிறது, இடது பக்கம் அதிகம், சொட்டு மருந்து விட்டால் இதற்கு மேல் போகாமல் நிறுத்தலாம், போனது திரும்பாது, இனி பேருந்தில் உட்கார வேண்டாம் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். "பெத்த பொண்ணே என்னைக் காட்டிக் குடுத்துட்டா" என்று அன்றைக்குச் சொன்னவள்தான், அதற்குப் பிறகு எட்டு மாதம் உன் பேச்சையே எடுக்கவில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் குளிக்கிறாள், குளிக்கிறாள் என்று நான் அளந்த பொய்க்கு அளவே இல்லை. ஒரு மனுஷி நாளைக்கு நாலு தடவை குளித்தால் தோல் என்னத்துக்கு ஆகும் அப்பா என்று நீ ஒரு தடவை கேட்டாய், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளோ சன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவில் போகிற ஓட்டுநர்களுக்கெல்லாம் மார்க் போட்டுக்கொண்டிருந்தாள், ஒருத்தரும் பாஸாகவில்லை. வாசற்படி தாண்ட மாட்டேன் என்று அடம். கடைக்கு வா, சும்மா காற்றாட நடந்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டால், நடக்கிறதுக்கு எனக்கு லைசென்ஸ் இருக்கான்னு அந்தக் கண் டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்க என்பாள்.

நம் சலூனுக்கு மாதம் ஒரு தடவை முடி வெட்ட வருகிற லிப்ட் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், நீ போன பிறகு இந்தப் பக்கம் குடிவந்தவர், எல்லோரும் ஸ்பேனர் என்றே கூப்பிடுகிறார்கள். அவருக்குத் தலையை ஆட்டாமல் பேச வராது, ஒவ்வொரு தடவையும் காதைக் காப்பாற்றி அனுப்புவதற்குள் எனக்கு வியர்த்துவிடும். ஞாயிற்றுக்கிழமையானால் டிரக் ஓட்டுவேன் என்றார். பாவம், வேலை போதாமல் லாரிக்கும் போகிறார் போல என்று நினைத்தேன். பார்த்தால் கையடக்க ரிமோட்டில் ஓட்டுகிற டிரக். துண்டுக்கு அடியிலிருந்து போனை எடுத்து ஒரு படம் காட்டினார். ஒரு முழ நீளம் இருக்கும், சக்கரம் ஒவ்வொன்றும் பெரிய கொய்யாப்பழம் மாதிரி, மண்மேட்டில் பாய்ந்து ஏறி அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டு நாலு காலில் இறங்கி ஓடுகிறது. இதை நாமே பூட்டிச் சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லண்ணே, ரெடி டு ரன்னுன்னு கேட்டு வாங்கணும், பெட்டியைப் பிரிச்சதும் ஓட்டலாம், ஒரு ஸ்குரூகூட மாட்ட வேண்டாம்" என்றார். அந்த நிமிடம் எனக்கு உன் அம்மாவின் கைதான் கண்ணில் நின்றது. சன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் மடியில் அந்தக் கை சும்மா இருக்காது, எதையோ வளைத்துத் திருப்பிக்கொண்டே இருக்கும். அந்த யோசனையில் ஸ்பேனரின் வலது கிருதாவைக் கூடவே எடுத்துவிட்டேன், அதைச் சரிக்கட்ட இடதையும் எடுத்தேன், ஒரு மாதம் அவர் அப்படியேதான் திரிந்தார்.

என் புத்திதான் உனக்குத் தெரியுமே. அவரிடம் விவரம் கேட்டுப் போயிருக்கலாம். நான் யாரையும் கேட்காமல் பரிசுப் பொருள் விற்கிற கடைக்குப் போய், சிவப்பு நிறம், தலையில் விளக்கு, போலீஸ் வண்டி மாதிரி கூவுகிற ஒரு டிரக்கை வாங்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்கு இது, பொறக்காத பேரனுக்கு இப்பவே சேர்க்க ஆரம்பிச்சுட்டீங்களா" என்றாள். உன் சம்பந்தமாக அவள் வாயில் ஒரு வார்த்தை வந்தது எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை, அதுவும் இல்லாத பிள்ளையைச் சாக்காக வைத்து. (உன்னை அவசரப்படுத்த இதை எழுதவில்லை, அது உங்கள் இரண்டு பேர் பாடு.) கூடத்தில் நாலு சுற்று ஓட்டிக் காட்டினேன். ஐந்தாவது சுற்றில் வாசற்படியில் மோதி முன்சக்கரம் கழன்று அலமாரிக்கு அடியில் போய்விட்டது, வண்டி மட்டும் கூவிக்கொண்டே கிடந்தது. அணைக்கவும் தெரியவில்லை. உன் அம்மா எழுந்து வந்து, காய் வெட்டும் கத்தி முனையால் அடிப்பலகையைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கி, உள்ளே பார்த்தாளோ இல்லையோ, சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு. "கியரெல்லாம் வெறும் பிளாஸ்டிக்கு, சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்ல, இதை வண்டின்னு சொல்லி உங்க தலையில கட்டிட்டாங்களே. ஏங்க, வண்டி வாங்கப் போற மனுஷன் வீட்டுல டிரைவர் ஒருத்தி இருக்கறதை மறந்துட்டீங்களா" என்றாள். அடுத்த நாள் காலையில் நான் எழுந்தபோது அவள் புடவை மாற்றி, தலை வாரி, செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகே நிற்கிறாள். நான் பல்கூடத் தேய்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டேன், தாமதித்தால் மனசை மாற்றிக்கொள்வாளோ என்று பயம்.

ஸ்பேனர் எங்களை உண்மையான கடைக்குக் கூட்டிப் போனார். பெயின்ட் கடைக்கு மேல் மாடியில், படியேறிப் போக வேண்டும். சுவர் முழுக்க டிரக், கயிற்றில் துணி காயப்போட்ட மாதிரி வண்டிகளின் மேல்கூடுகள், மருந்துக் கடை போல சின்னச் சின்ன இழுப்பறைகள். கடைக்காரப் பெண் காதில் பென்சில் செருகுவது போல ஸ்குரூடிரைவரைச் செருகியிருந்தாள். எடுத்ததுமே பளபளவென்று ஒன்றைக் காட்டி, மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகம் போகும் ஆன்ட்டி என்றாள். நான் அதிலேயே விழுந்துவிட்டேன். உன் அம்மா, "வேகம் கெடக்கட்டும், எப்படி நிக்கும், அதைச் சொல்லும்மா" என்றாள். அந்தப் பெண் ஸ்குரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள், சரியான ஆள்தான் வந்திருக்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது அவளுக்கு. பிறகு அரை மணி நேரம் எனக்கும் ஸ்பேனருக்கும் அங்கே வேலையே இல்லை. அம்மா ஒவ்வொரு டிரக்கையும் மேலிருந்து அழுத்திப் பார்க்கிறாள், ஷாக் அப்சார்பர் எழும்பி வருகிறதா என்று. கவிழ்த்துப் பார்க்கிறாள், சக்கரத்தைப் பிடித்து ஆட்டி ஆட்டம் இருக்கிறதா என்று. நாலு சக்கரமும் இழுக்குமா, தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு வேகத்தைக் குறைத்து வைக்க வழி இருக்கிறதா என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில், இதில் எது முதலில் உடையும் என்று கேட்டாள். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஆர்ம் என்றாள் அந்தப் பெண், ஒளிக்காமல். "அந்த ஆர்ம் இப்பக் கடையில இருக்கா, எடுத்துக் காட்டு." நான் ஆசைப்பட்ட பளபளப்புக்கு ஆர்மை எழுதிப் போட்டு வரவழைக்க ஒன்றரை மாதம் ஆகுமாம். அலங்காரம் இல்லாமல் மூலையில் இருந்த ஒன்றுக்கு ஒரு இழுப்பறை நிறைய ஆர்ம் இருந்தது. அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. அதில் மஞ்சள் ஒன்றும் நீலம் ஒன்றும் இருந்தன. மஞ்சளின் பக்கம் அவள் கை போகவில்லை, நீலத்தை எடுத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் படியிறங்கப் போனேன், அவள் பெட்டியின் ஓரத்தில் எறும்பு மாதிரி அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு, நில்லுங்க, பேட்டரியும் சார்ஜரும் இதுல இல்ல, தனியா வாங்கணும் என்றாள். பெட்டியைப் பிரித்ததும் ஓட்டலாம் என்று சொன்ன ஸ்பேனர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி மைதானத்துக்கு வருகிறேன். மூடிக் கிடக்கிற கிடங்குக்குப் பின்னால் ஒரு பொட்டல், அங்கேதான் ஸ்பேனரும் அவர் கூட்டாளிகளும் ஓட்டுகிறார்கள். ரிமோட் துப்பாக்கி மாதிரி இருக்கும், விரலால் விசையை இழுத்தால் ஓடும், பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம், அதுதான் ஸ்டியரிங். வண்டி நம்மை விட்டு விலகிப் போகும்போது ஒன்றும் இல்லை, நம்மைப் பார்த்து வரும்போது இடது வலதாகிவிடும், வலது இடதாகிவிடும். இருபத்தாறு வருடம் வண்டிக்குள்ளே உட்கார்ந்து ஓட்டியவளுக்கு அங்கே குழம்பிவிட்டது. ஆனால் எனக்கு, சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாத எனக்கு, அது சுலபமாக வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து முடி வெட்டியவனுக்கு இடது வலது மாறுவது ஒரு விஷயமா. உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வண்டி விஷயத்தில் நான் அவளை ஜெயித்தது இல்லை. அவள் விடுவாளா, நாலே நாளில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். சேற்றில் இறக்கினாள், மேட்டில் ஏற்றினாள், மூன்று தடவை கவிழ்த்தாள், சொன்ன மாதிரியே அந்த ஆர்ம்தான் முதலில் உடைந்தது, அவளே மாற்றினாள்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதமே. இரண்டாவது ஞாயிறு, ஆறு வாளிகளைக் கவிழ்த்து வைத்து அவற்றுக்கு நடுவில் வளைத்து வளைத்து ஓட்டினார்கள். உன் அம்மாவின் வண்டி இடது பக்கக் கடைசி வாளியில் இடித்தது. திரும்ப ஓட்டினாள், திரும்ப இடித்தது. மூன்றாம் தடவையும் அதே வாளி. ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கிறது என்றாள். ஸ்பேனர் வண்டியை வாங்கித் தரையில் வைத்து நேராக விட்டார், நூல் பிடித்த மாதிரி போனது. என்னிடம் கொடுத்தார்கள், நான் ஓட்டினேன், வாளி அசையவில்லை. வேண்டுமென்றே இடித்துவிடலாமா என்றுகூட எனக்கு ஒரு நொடி தோன்றியது, ஆனால் அவளை ஏமாற்ற முடியாது. அவள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அந்த வாளி எனக்குத் தெரியவே இல்லைங்க. மங்கலாக்கூட இல்ல, அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு" என்றாள். பிறகு, "அது வாளி. வாசல்ல புள்ளைங்க நிப்பாங்க" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது என் மாமனார் இறந்த அன்று, அதற்குப் பிறகு இப்போதுதான். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன், வேறென்ன செய்வது. சரியாகத்தான் செஞ்சிருக்கா, என்கிட்ட கேட்டா நான் விட்டிருக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் அங்க போய்ச் சொல்லியிருக்கா என்றாள். பெயர் சொல்லவில்லை. யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவும் இல்லை.

அதோடு வீட்டுக்குப் போகலாம் என்பாள் என்று நினைத்தேன். அவளா? சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். இடது பக்கம் திரும்புவதற்கு முன்னால் முகத்தையே அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்து, பிறகு ஓட்டினாள். முதல் தடவை உரசியது. அடுத்த தடவை ஆறு வாளியும் நின்ற இடத்தில் நின்றன. அங்கிருந்த தடித்தடி ஆண்கள் எல்லாம் விசில் அடித்தார்கள். அன்றிலிருந்து தெருவில் நடக்கும்போதும் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே நடக்கிறாள், தனியாகக் கடைக்குப் போகிறாள், சொட்டு மருந்தை நான் ஞாபகப்படுத்தாமலே போட்டுக்கொள்கிறாள். இன்றைக்கு அங்கே போட்டி, தூசி தாங்காது, நீங்க தும்மித் தும்மி என் கவனத்தைக் கெடுப்பீங்க என்று என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

இப்போது உன்னிடம் ஒரு சங்கதி. இரண்டு வாரமாக அவள் போனை எடுக்கிறாள், வைக்கிறாள். உங்க பொண்ணு ஊர்ல இப்ப மணி என்ன இருக்கும் என்று என்னைக் கேட்கிறாள், சொன்னால், தூங்குவா என்கிறாள், பட்டப்பகல் என்று சொன்னாலும், வேலையா இருப்பா என்கிறாள். எட்டு மாதத்துப் பேச்சை எந்த முனையிலிருந்து பிடிப்பது என்று தெரியவில்லை அவளுக்கு. கூப்பிட்டாள் என்றால் நீ மன்னிப்புக் கேட்காதே, அழாதே, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. எப்படியாவது பேச்சை டிரக்கின் பக்கம் திருப்பு, மற்றதெல்லாம் அவளாகவே பேசுவாள். நீ அன்றைக்குச் செய்தது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று எனக்குத் தெரியும், அன்று உன் பக்கம் நிற்காமல் இரண்டு பேருக்கும் நடுவில் நழுவிக்கொண்டு இருந்தேன், அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்தான். நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை முடியைத் தானே வெட்டிக்கொண்ட போட்டோவைப் பார்த்தேன், தயவு செய்து இனி கத்திரியை அவர் கைக்கு எட்டாமல் வை. நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் மனம் நிறைந்து வாழ வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். முக்கியமாக, நீயும் வருடத்துக்கு ஒரு தடவை கண் டாக்டரிடம் போ, இது குடும்பத்தில் வரக்கூடியது என்று சொன்னாரே, மறந்துவிடாதே.

இந்த இடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா வந்துவிட்டாள். முழங்கால் வரை புழுதி, கையில் நீல டிரக், மூன்றாவதாக வந்திருக்கிறாள், இரண்டாவதாக வந்தவர் குறுக்கே வந்தாராம், அதைப் பற்றி இன்னும் ஒரு வாரத்துக்குக் கேட்கப்போகிறேன். எழுதி முடித்த பக்கங்களை அவசரமாக மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். யாருக்கு எழுதறீங்க என்றாள், சொன்னேன். டிரக்கை மெல்லத் தரையில் வைத்தாள். பிறகு, "கீழ கொஞ்சம் இடம் விடுங்க, கையைக் கழுவிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது. என் கையெழுத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டு, மீதிப் பக்கம் முழுவதையும் அவளுக்கு விட்டிருக்கிறேன்.

உங்களையே நினைத்திருக்கும்
அப்பா