என் பெயரில் போன இரத்தம்

வெள்ளவத்தை,
12.02.1997

அன்புள்ள என்னவருக்கு, பத்மாவதி எழுதிக்கொள்வது.

உங்கள் சளி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் பக்கத்தில் இல்லையென்று விடியவே கிணற்றடியில் குளிக்காதீர்கள். யாரும் பிரித்து வாசிப்பார்களோ என்று இதைத் தபாலில் போடப் பயமாக இருக்கிறது. கப்பலில் ஊருக்கு வரும் கனகேஸ்வரி அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

எனக்குக் காய்ச்சல், இரத்தம் சோதித்தேன், பயமில்லை என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா? அது பொய். காய்ச்சல் எங்கள் மகன் வரதனுக்கு. ஒன்றரை மாதமாகப் பின்னேரமானால் உடம்பு கொதிக்கிறது. காற்சட்டை இடுப்பில் நிற்பதில்லை.

வெளிநாட்டுக்கு அனுப்பவென்று கூட்டிவந்த பிள்ளை. கொழும்பில் தங்கத் தந்த பாஸ் முடிந்துவிட்டது, பொலிஸ் பதிவும் இல்லை. மார்கழியில் எங்கள் ஒழுங்கையில் ஆமிக்காரர் பிடித்துப்போன இரண்டு பிள்ளைகளை இன்னும் விடவில்லை. அதனால் அவன் பெயரும் இந்த விலாசமும் ஒரு துண்டில்கூடச் சேர்ந்து இருக்கக் கூடாதென்று நினைத்தேன். வீடுகளுக்கு வந்து இரத்தம் எடுக்கும் கொட்டாஞ்சேனைச் சூசைதாசனைக் கெஞ்சி, குப்பியில் என் பெயரையும் ஐம்பத்தெட்டு வயதையும் எழுதுவித்தேன். அவர் மாட்டேன் என்றுதான் சொன்னார். நான் அழுதபடியால் எழுதினார்.

ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தச் சோதனைக் கணக்கு முப்பத்துநாலு என்று வந்தது. டொக்டரிடம் நானே கொண்டுபோனேன். அம்மா, உங்கட வயசுப் பொம்பிளையளுக்கு இவ்வளவு இருக்கும், பயப்பிடாதேங்கோ என்று அனுப்பிவிட்டார். என்னை வாய்க்காரி என்பீர்களே, அது பிள்ளையின் இரத்தம் என்ற ஒன்றைத்தான் அங்கே சொல்லவில்லை. வரும் வழியில் கதலிப்பழம் வாங்கிவந்து, உனக்கு ஒன்றுமில்லையடா என்று அவனுக்குக் கொடுத்தேன். அவனும் நம்பிச் சிரித்தான்.

நேற்று சூசைதாசன் எட்டிப் பார்த்தார். டொக்டர் பயமில்லை என்றதைப் பெருமையாகச் சொன்னேன். ஐயோ அக்கா, ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும் கணக்கு வேறை, வயசுக்கு வயசும் வேறை, உங்களுக்கு முப்பத்துநாலு வரைக்கும் விடலாம், இருபத்திரண்டு வயசுப் பெடியனுக்குப் பதினொண்டைத் தாண்டக் கூடாது என்றார். என்ன வருத்தம், என்ன நோய் என்று அந்த எண் சொல்லாதாம். உள்ளே எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் காட்டுமாம். இளம் வயதில் இவ்வளவு ஏறியதைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே மோசம் வரலாமாம். ஒரு மாதத்தை நான் வீணாக்கிவிட்டேன். இப்போது எவ்வளவுக்கு ஏறியிருக்கிறதோ தெரியாது.

நாளை காலை அவனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். காலிக்குப் போகும் பெரிய வீதியில் இரண்டு சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டும். ஆமிக்கும் பயம், நோய்க்கும் பயம். ஆனால் இந்த முறை அவன் பெயரையும் அவன் வயதையும்தான் சொல்வேன். அவனைப் பிடித்தால் நானும் கூடவே ஜீப்பில் ஏறுவேன்.

எனக்குச் சுகம் வேண்டி வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்விப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துத்தான் அதிகம் அழுதேன். இனி என் பெயரைக் கொடுக்காதீர்கள். வரதராசா, அத்த நட்சத்திரம் என்று ஐயரிடம் சத்தமாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பத்மாவதி